‘பதியப்பட்டது’ என்னும் வாக்குறுதி

பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால், 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் முற்பகலில் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் இழந்தது என்றார் மின்சக்தி அமைச்சர். குரங்கைப் பற்றி நாமும் சிரித்தோம். அன்று ஞாயிறாதலின் கந்தோர்கள் பூட்டியிருந்தன. வேலைநாளாயிருந்து, முல்லைத்தீவில் ஓர் எழுதுவினைஞர் ஓர் ஏழையின் காணி விபரத்தைக் கணனியில் ஏற்றி, ‘பதியப்பட்டது’ என்ற சொல் திரையில் தோன்றிய மறுகணமே மின்சாரம் நின்றிருந்தால், அப்பதிவு பிழைத்திருக்குமா?

வன்னிக்கு இது வெறுங் கேள்வியன்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தவறவிட்டு, தாம் யார் என்று நிரூபிக்க வரிசையில் நின்றவர்கள் வாழும் மண் இது.

கணனி, விரைவின் பொருட்டு, எழுதவேண்டியதை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைக்கிறது. மின்சாரம் போனால் அது வெறுமையாகிவிடும். பாதி எழுதிய பக்கமோ இன்னும் கேடு. அது பழையதுமன்று, புதியதுமன்று. இதற்கு அறிஞர் கண்ட வழி நம் கடைக் கணக்குப்பிள்ளைகள் அறிந்ததே. பேரேட்டைத் தொடுமுன் குறிப்பேட்டில் எழுதவேண்டும். குறிப்பேடு சேமிப்புத் தட்டில் இறங்கிய பின்னரே ‘பதிந்தேன்’ எனச் சொல்லவேண்டும். மின்சாரம் மீண்டதும் குறிப்பேட்டைப் பார்த்து, முடிந்த அலுவலைப் பேரேட்டில் ஏற்றி, முடியாததை நீக்கிவிடலாம். இம்முறையைச் செம்மைப்படுத்தி 1992 இல் வெளிவந்த ‘ஏரீஸ்’ ஆய்வுக் கட்டுரையின் முதலாசிரியர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற சி. மோகன். நம்முள் எத்தனை பேர் அவரை அறிவோம்!

முறை நன்றாயிருந்தும் கருவி பொய் சொல்லலாம். மலிவான தட்டுகள் சில, தம்முள்ளிருக்கும் சிறு நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே எழுதிவிட்டதாகப் பதிலளிக்கின்றன. மின்சாரம் நின்ற பின்னும் எஞ்சியதை எழுதி முடிக்கப் போதிய மின்தேக்கிகள் உயர்ந்த தட்டுகளில் உண்டு. அதற்கேற்ற விலையும் உண்டு. எழுதத் தவறிய செய்தியை லினக்ஸ் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடக்கூடும் என்று 2018 இல் கண்டு, ‘போஸ்ட்கிரெஸ்’ தரவுத்தளத்தாரே திடுக்குற்றனர்.

யூ.பி.எஸ். பெட்டி வாங்கினோம், போதும் என்பாருளர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை மறந்தவர் பேச்சு அது. அப்பெட்டி தரும் சொற்ப அவகாசத்தில் கணனியை ஒழுங்காக மூடும் ஏற்பாடும் வேண்டுமன்றோ?

இயந்திரத்தை நம்புமுன் சோதிக்கவேண்டும். பதிவுகள் இடையறாது ஏறிக்கொண்டிருக்கையில் மின்னிணைப்பைப் பிடுங்குக. ‘பதியப்பட்டது’ என்று பதில் வந்த இலக்கங்களை வேறொரு கணனியில் குறித்துவைத்து, மீண்டபின் ஒப்பிடுக. இருபது தடவையேனும் செய்க. ஒன்று குறைந்தாலும் அவ்வியந்திரம் காணிப் பதிவுக்கு உதவாது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் இதனை மாணவர்க்குச் செய்முறைப் பயிற்சியாகக் கொடுக்கலாம். மாணவர் ஆவலுடன் முன்வருவர். பிரதேச செயலகங்கள் தம் இயந்திரங்களைத் தர முன்வருமா என்பதே ஐயம்.