பட்டியலில் உங்கள் பெயர் உள்ளதா?



சட்டமன்றப் பொதுத்தேர்தல் வரும்போதெல்லாம், அடையாள அட்டையுடன் வாக்குச்சாவடிக்குச் சென்று, "பட்டியலில் பெயர் இல்லை" என்ற பதிலுடன் திரும்பும் பெண்கள் உண்டு. அட்டை என்பது நீங்கள் இன்னார் என்பதற்குச் சான்று மட்டுமே. வாக்குரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரே ஆகும்.

பெண்களின் பெயர் விடுபடத் திருமணமும் ஒரு காரணம். மணமாகிச் சென்றவளின் பெயர் தாய்வீட்டு முகவரியிலிருந்து நீக்கப்பட்டுவிடும். புகுந்த வீட்டிலோ அதைச் சேர்க்க எவரும் முயன்றிருக்கமாட்டார். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதால், அங்கே இந்தக் கவனம் மாப்பிள்ளைக்கு உரியது. இரண்டு இடங்களிலும் பெயரை வைத்துக்கொள்ளலாமே என எண்ணாதீர்கள். சட்டம் அதனை அனுமதிப்பதில்லை.

தமிழகத்தில் 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி, பட்டியல் முழுவதும் புதிதாக ஆராயப்பட்டது. ஆகவே, "சென்ற முறை வாக்களித்தேனே" என்று வாளாவிருத்தல் கூடாது. உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, 1950 என்ற தொலைபேசி எண்ணிலோ, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ பெயரைச் சரிபாருங்கள்.

புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. ஒரே தொகுதிக்குள்ளோ வேறு தொகுதிக்கோ குடிபெயர்ந்தவர்களுக்கும், பிழை திருத்த விரும்புவோருக்கும் படிவம் 8. ஓரிடத்தில் 'பாத்திமா', மற்றோரிடத்தில் 'பாத்திமா பீவி' என்றிருந்தால் இப்போதே திருத்திக்கொள்வது நலம். மறைந்துவிட்ட பெரியவர்களின் பெயரை நீக்கப் படிவம் 7. அந்தப் பெயரை அப்படியே விட்டுவைத்தால், பிறர் அதில் கள்ள வாக்களிக்க வழி ஏற்படும்.

வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்தது 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம். முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியனவும் தகுதி நாள்களாயின. 17 வயது நிரம்பிய உங்கள் மகனும் மகளும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நேரம் கடந்தபின், அந்தத் தேர்தலுக்காக எந்தப் பெயரையும் சேர்க்க இயலாது. எனவே தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராதீர்கள்.

சபர் சென்றிருக்கும் வாப்பாவும் அண்ணன்மாரும் இந்தியக் குடிமக்களாகவே இருந்தால், கடவுச்சீட்டிலுள்ள ஊர் முகவரியில் படிவம் 6ஏ மூலம் பதிவு செய்யலாம். எனினும் வாக்களிக்க அவர்கள் நேரில் வந்து, அசல் கடவுச்சீட்டைக் காட்டவேண்டும். அவர்களுக்காக வீட்டார் வாக்களிக்க முடியாது.

வாக்குப்பதிவு நாளில் அடையாள அட்டை கிடைக்காவிடினும், பட்டியலில் பெயர் இருப்பின், ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம் போன்றவற்றைக் காட்டலாம். முகத்திரை அணியும் சகோதரிகள் தயங்க வேண்டியதில்லை. அத்தகைய பெண்கள் அதிகமுள்ள சாவடிகளில், மறைவிடத்தில் பெண் அலுவலர் அடையாளம் காண ஏற்பாடு செய்யவேண்டுமென்பது ஆணையத்தின் நெறிமுறை.

விரலில் மையிட்டு, பதிவேட்டில் கையொப்பமிட்டபின், விரும்பும் சின்னத்துக்கு நேரேயுள்ள நீலப் பொத்தானை அழுத்துங்கள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியே, நீங்கள் தேர்ந்தெடுத்த சின்னம் அச்சிட்ட சீட்டு 7 விநாடிகள் தெரியும். அதைப் பார்த்துவிட்டே அகலுங்கள். உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். தலைமை அலுவலரிடம் உங்களை இன்னார் என நிரூபித்தால், தனி வாக்குச்சீட்டு தருவார். அது வேறு உறையில் வைக்கப்படும்.

ரேஷன் அட்டையில் ஒரு பெயர் விடுபட்டால் அன்றே அலுவலகத்துக்கு விரைகிறோம். வாக்காளர் பட்டியலுக்கும் அதே அக்கறை தேவையன்றோ? இன்றிரவு உணவுக்குப்பின் வீட்டிலுள்ளோர் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மருமகளின் பெயரை முதலில் எழுதுங்கள்.