கேள்வித்தாளை யார் திருத்துவது?

நீட் முதுநிலைத் தேர்வை ஒரே ஷிஃப்ட்டில் நடத்தச் சொல்லி 2025 மே 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இரண்டு வினாத்தாள்கள் ஒரே அளவு கடினமாக ஒருபோதும் அமையாது என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். ஜூன் 15-இல் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போய் ஆகஸ்ட் 3-இல் முடிந்தது. நார்மலைசேஷன் சண்டையும் ஓய்ந்தது. ஆணை சரியானது. இவ்விதழ் அதை வரவேற்கிறது.

தாளோடு தாளை ஒப்பிட்டவர்கள் தாளுக்குள் இருக்கும் கேள்விகளைத் தொடவில்லை. தேர்வு வாரியம் விடைக் குறிப்பை வெளியிட்டபோது வந்தவை கேள்விகளின் அடையாள எண்கள் மட்டுமே. கேள்வியே கண்ணில் படாதபோது, எந்த டிஸ்ட்ராக்டரை ஒருவரும் சீண்டவில்லை, எதற்கு இரண்டு விடைகள் பொருந்துகின்றன என்று எப்படிச் சொல்வது?

நுழைவுத் தேர்வாவது நீதிமன்றப் படியேறியது. மூன்றாண்டு முடிவில் எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் எழுதும் நான்கு தாள்களைப் பற்றிப் பேசவே ஆளில்லை.

அந்தத் தாள்களின் ஒரு கேள்வி நன்றாகத் தேறியவரையும் தேறாதவரையும் பிரிக்கிறதா என்று காண, பேட்சுக்கு ஆறு பேர் உள்ள துறையில் டிஸ்கிரிமினேஷன் இண்டெக்ஸ் போட்டுப் பாருங்கள். மேல் 27 சதவீதம், கீழ் 27 சதவீதம் என்று பிரித்தால் பக்கத்துக்கு இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். க.விலக்கில் இருக்கும் தேனி மருத்துவக் கல்லூரி எவ்வளவு முயன்றாலும் தனியாக இதைச் செய்ய முடியாது. இணைப்புக் கல்லூரிகள் அனைத்தின் விடைத்தாள்களும் கிண்டியில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் மதிப்பிடப்படுகின்றன. கேள்விவாரியான மதிப்பெண்ணும் அங்கேதான் இருக்கிறது. கட்டுரைக் கேள்விக்கும் இதே கணக்கைப் போடலாம்.

‘ஆர்கனோபாஸ்பரஸ் நச்சு: சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்டால், கைடு படித்தவரும் வார்டில் கிடந்தவரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். அதையே இப்படிக் கேட்கலாம்: கூடலூரிலிருந்து ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய் வரும் தொழிலாளி ஒருவர் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார். அட்ரோபினில் தேறி வந்தார். மூன்றாம் நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, மூச்சு மேலோட்டமாகிறது, நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை. அடுத்து என்ன செய்வீர்கள்? அட்ரோபினைக் கூட்டுவேன் என்பவரும், இன்டர்மீடியட் சிண்ட்ரோம் என்று கண்டுகொண்டு வென்டிலேட்டரைத் தயார் செய்பவரும் இந்தக் கேள்வியில் தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் குரங்கணிக் காட்டுத்தீயில் கருகியவர்களை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தபோது, யாரை உடனே மதுரைக்கு அனுப்புவது, யாருக்கு முதலில் மூச்சுக்குழாய் போடுவது என்பவைதான் கேள்விகள். பார்க்லேண்ட் ஃபார்முலா கேட்கும் தாள் இந்த முடிவுகளை எட்டிப் பார்ப்பதில்லை.

இதில்தான் தேசிய மருத்துவ ஆணையத்தின் மீது கோபம் வருகிறது. மாவட்ட ரெசிடென்சி என்று மூன்று மாதம் பெரியகுளம் தலைமை மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்புகிறார்கள். அதை நிறைவாக முடித்தால்தான் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியும். 2023 டிசம்பரில் வந்த புதிய விதிமுறையும் அதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. அங்கே மாணவர் கண்ட நோயாளிகளும் எடுத்த முடிவுகளும் நான்கு தாள்களில் எங்கே இருக்கின்றன? லாக்புக்கில் ஒரு கையெழுத்தோடு அவை முடிந்துபோகின்றன. வருகைப்பதிவுக்கு விதிமேல் விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, புளூபிரின்ட்டில் அந்த மூன்று மாதத்துக்கு ஒரு வரி ஒதுக்க ஏன் மனம் வரவில்லை? மாவட்ட மருத்துவமனை கற்றுத்தரும் இடம் என்று அவர்களே நம்பவில்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் கேள்விவாரியான சராசரி மதிப்பெண்ணையும் டிஸ்கிரிமினேஷன் இண்டெக்ஸையும் பல்கலைக்கழகம் துறைகளுக்கு அனுப்ப வேண்டும். மாணவர் பெயரோ எண்ணோ தேவையில்லை, ரகசியம் எதுவும் கெடாது. துறைத்தலைவர்களே, இதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விடாமல், அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்குள் எழுத்தில் கேளுங்கள்.