தூளி ஆட்டுவதற்கு... ராத்திரி முழுக்கத் தூங்குவதற்கு அல்ல!

சீமந்தம் முடிந்த கையோடு பல வீடுகளில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பமாகிவிடும். "பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்கக் கூடாது" என்பார் மாமியார். "பதினோராம் நாள் தொட்டில்ல போடணுமே, அதுக்குள்ள எங்கே போய்த் தேடறது?" என்பார் அம்மா. "தொட்டில் தாய்மாமன் சீர். அதுல யாரும் தலையிடாதீங்க" என்று தம்பி மீசையை முறுக்குவார். கணவரோ செல்போனில் படம் படமாகத் தள்ளிக்கொண்டிருப்பார். மோட்டாரில் தானே ஆடுகிற தொட்டில், பாட்டுப் பாடுகிற தொட்டில், பூப்போட்ட மெத்தையும் அதே பூவில் தலையணையும் வைத்த தொட்டில்!

நிறம், மரம், விலை, சம்பிரதாயம் எல்லாம் பேசியாகிவிடும். ஒரே ஒரு கேள்வி மட்டும் சபைக்கு வராது. ராத்திரி இரண்டு மணிக்கு, வீட்டில் அத்தனை பேரும் அசந்து தூங்கும்போது, குழந்தை எதில் படுத்திருக்கப் போகிறது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற இடம் வேறு. குழந்தை தூங்குகிற இடம் வேறு. தூளியும் ஸ்பிரிங் தொட்டிலும் முதல் வேலைக்கு மட்டும்தான். இரண்டாவது வேலைக்குத் தட்டையான, கெட்டியான, வேறு சாமான் எதுவுமே இல்லாத படுக்கைதான் வேண்டும். பணம் செலவழிப்பதானால் அதற்குச் செலவழியுங்கள்.

பாட்டி சொல்வது பொய்யில்லை

"நாங்கள்லாம் தூளியில வளர்ந்தவங்கதான். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?" பாட்டி இப்படிக் கேட்டால் கோபப்படாதீர்கள். ஏணை என்றாலும் தூளி என்றாலும், அதில் நல்ல விஷயங்கள் உண்டு. அம்மாவின் பழைய நூல் புடவை, அதன் வாசனை, லேசான ஆட்டம்... வீறிட்டு அழுகிற குழந்தைகூடக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பைசா செலவில்லை. தரையில் ஊரும் பூச்சி பொட்டுக்கும் எட்டாது.

ஆனால் பாட்டி ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார். அவர் காலத்தில் தூளி கூடத்தில் தொங்கும். கீழே ஒரு அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். ஒரு சித்தி பூக் கட்டிக்கொண்டிருப்பார். ஆட்டுகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டியே உட்கார்ந்திருப்பார். துணிக்குள் சின்னதாக ஒரு முனகல் கேட்டாலும் மூன்று தலைகள் எட்டிப் பார்க்கும். இன்றைக்கு உங்கள் ஃப்ளாட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா வீட்டிலிருந்து திரும்பிய பிறகு பகல் முழுக்க நீங்கள் ஒருத்திதான். குக்கர் விசில், காலிங் பெல், போன், துவைக்கிற மெஷின். தூளி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள்தான் இல்லை.

வளைந்த படுக்கையில் என்ன நடக்கிறது?

பிறந்த குழந்தைக்குத் தலை பெரிசு, கழுத்துக்குப் பலம் கிடையாது. தூளியில் படுக்க வைத்தால் முதுகு வில்லாக வளையும். தலை முன்பக்கம் சாய்ந்து மோவாய் நெஞ்சைத் தொடும். அந்தச் சின்ன மூச்சுக்குழாய் மென்மையானது. இளநீருக்குப் போடுகிற ஸ்ட்ராவை மடித்துவிட்டு உறிஞ்சிப் பாருங்கள், அந்தக் கதைதான். துணி முகத்தோடு ஒட்டிக்கொண்டால் சிரமம் இன்னும் கூடும். பெரியவர்களாக இருந்தால் திரும்பிப் படுப்போம். மூன்று மாதக் குழந்தையால் முடியாது. இதில் பயங்கரம் என்னவென்றால், சத்தமே வராது. "நல்லா தூங்குது" என்றுதான் நாம் நினைப்போம்.

அதனால் தூளியை வீட்டைவிட்டே விரட்டச் சொல்லவில்லை. விழித்திருக்கிற ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது, முகம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டு ஆட்டுங்கள். கண் அசந்ததும் எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைவான குழந்தைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்கூட வேண்டாம்.

பெரிய குழந்தையை மறந்துவிடாதீர்கள்

தூளி என்றதும் நாம் கைக்குழந்தையைப் பற்றியே யோசிக்கிறோம். நாளிதழ்களில் அவ்வப்போது வருகிற ஒரு செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். தம்பிக்கோ தங்கைக்கோ கட்டிய சேலைத் தொட்டிலில் அக்காவோ அண்ணனோ ஏறி விளையாடும்போது, சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கி உயிர் போய்விட்டது என்கிற செய்தி. பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளைகள். பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது அடுத்த அறையில் இருப்பார்கள். ஆடுவார்கள், சுற்றுவார்கள், சேலை கயிறாகிவிடும். கத்தக்கூட முடியாது.

இதைத் தடுக்க ஒரு ரூபாய் செலவில்லை. குழந்தையை எடுத்த உடனே தூளியை அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்க முடியவில்லையென்றால் சுருட்டி, பிள்ளைகள் ஸ்டூல் போட்டாலும் எட்டாத உயரத்தில் முடிந்து வையுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தொங்கவிட்டுப் போகாதீர்கள்.

காலித் தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு வயிற்றுவலி வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வயிற்றுவலி வராது. ஆனால் அந்த அதட்டல் இருந்தவரை பிள்ளைகள் காலித் தொட்டில் பக்கம் போக மாட்டார்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன, பழக்கம் நல்ல பழக்கம். அதை விட்டுவிட வேண்டாம்.

"கடையில விக்கறாங்களே!"

"ஆபத்துன்னா கடையில விப்பாங்களா?" என்று சிலர் கேட்பார்கள். விற்பார்கள். இந்த விஷயத்தில் அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடம். அங்கே ஃபிஷர்-பிரைஸ் என்ற பெரிய நிறுவனம், தலைப்பக்கம் உயர்ந்து சாய்வாக இருக்கும் ராக் அண்ட் ப்ளே என்ற ஆடும் படுக்கையை விற்றது. பத்து வருஷம் அமோகமாக ஓடியது. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்திருந்தது வெளியே வந்தபின், 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2022-ல் அந்த நாட்டில் சட்டமே வந்தது. பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த தூங்கும் படுக்கை விற்கக் கூடாது. தொட்டிலைச் சுற்றிக் கட்டுகிற மெத்து மெத்தென்ற தடுப்புத் துணியும் விற்கக் கூடாது. ஒரு பக்கத்தை இறக்கி ஏற்றுகிற மாதிரி இருந்த தொட்டில்களுக்கு அதற்கு முன்பே, 2011-லேயே தடை வந்துவிட்டது. அந்தப் பக்கம் கழன்று உண்டாகும் இடுக்கில் குழந்தைகள் மாட்டிக்கொண்டதுதான் காரணம்.

ஆக, விலையும் பிராண்டும் உத்தரவாதம் அல்ல. உங்கள் கண்ணும் கையும்தான் உத்தரவாதம்.

வாங்கும்போது கையோடு ஒரு ஸ்கேல்

தச்சரிடம் செய்தாலும், கடையில் வாங்கினாலும், அக்கா வீட்டிலிருந்து வந்தாலும் இவற்றைப் பாருங்கள்.

• பக்கக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். பையனின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துப்போய் அளந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

• மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை பொருத்தமில்லை.

• மெத்தையை உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் வேண்டாம். புதிதாக அடைத்த இலவம்பஞ்சு மெத்தை நமக்கு சுகம், குழந்தைக்கு ஆகாது. அதன் முகம் அதில் புதையும்.

• ஆடும் தொட்டிலாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற பூட்டு இருக்க வேண்டும். பூட்டியபின் படுக்கை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் குழந்தை அந்தப் பக்கமாக உருண்டு, பக்கத்துச் சட்டத்தில் முகம் பதிந்து கிடக்கும்.

• பரம்பரைத் தொட்டில் என்றால் பெருமைதான். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கும் குழந்தை சட்டத்தைக் கடிக்காமல் விடாது. ஆடுகிற மூட்டு, துருத்துகிற ஆணி, உரிகிற பெயின்ட் இருந்தால், அதைப் பொம்மை வைக்கிற அலங்காரப் பொருளாக ஆக்கிவிடுங்கள்.

• ஸ்பிரிங் தொட்டிலில் கொக்கி, ஸ்பிரிங், உத்தரத்து வளையம் மூன்றையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வழுக்குகிற நைலக்ஸ் புடவை வேண்டவே வேண்டாம்.

மோட்டார் தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆட்டும், ஆனால் பார்க்காது. கையால் ஆட்டும்போது ஒரு ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த ஒரு ஆளையும் மெஷின் அடுத்த அறைக்கு அனுப்பிவிடுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை.

உள்ளே என்ன வைக்கலாம்?

குழந்தை. அதோடு மெத்தைமேல் இறுக்கமாக விரித்த ஒரு விரிப்பு. அவ்வளவுதான்!

"தலை உருண்டையா வரணும், கடுகுத் தலையணை வைம்மா" என்பார்கள். வேண்டாம். ஒரு நாள் தலையை வலது பக்கமும் மறுநாள் இடது பக்கமும் திருப்பிப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது நீங்கள் எதிரில் உட்கார்ந்து கொஞ்சம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தலையும் உருளும், கழுத்தும் பலப்படும். பக்கத்துக்கு ஒன்றாக வைக்கிற உருட்டுத் தலையணை, கரடிபொம்மை, கனமான போர்வை எல்லாம் வெளியே. நம் ஊர் வெயிலில் தூங்குகிற குழந்தைக்குக் குல்லாயும் தேவையில்லை. கழுத்தில் கறுப்புக் கயிறு, செயின், மணி இருந்தால் தூங்கும்போது கழற்றி வையுங்கள். இடுப்பில் கட்டிய அரைஞாண் அதுபாட்டுக்கு இருக்கட்டும். கொசுவலை அவசியம்தான். முகத்தில் சரியாதபடி விறைப்பாகக் கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.

"மல்லாக்கப் போட்டா பால் புரையேறாதா?"

நியாயமான பயம். ஆனால் உடம்பின் அமைப்பு வேறு மாதிரி. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். எதுக்களிக்கிற பால் மேட்டில் ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று ஊரெங்கும் பிரசாரம் செய்தார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது அதன்பின் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு மாத்திரை இல்லை, ஊசி இல்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதுதான் பெரிய காரணம்.

பணம் இல்லையா? பாய் இருக்கிறதே!

ஃபின்லாந்து நாட்டில் 1938-லிருந்து வசதி குறைந்த தாய்மார்களுக்கும், 1949-லிருந்து எல்லாத் தாய்மார்களுக்கும் அரசாங்கம் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்து வந்தது. உள்ளே குழந்தைத் துணிமணிகள், அடியில் ஒரு சின்ன மெத்தை. எத்தனையோ குழந்தைகளுக்கு அந்தப் பெட்டிதான் முதல் தொட்டில். 2015-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்திலும் சின்னப் படுக்கையும் கொசுவலையும் வைத்தார்கள். ஆக, பாதுகாப்பு விலையில் இல்லை.

உங்கள் வீட்டில் தரையில் கோரைப்பாய் விரித்து, அதன்மேல் நாலாக மடித்த நூல் வேஷ்டியை இழுத்துவிட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் குழந்தையைப் போட்டுக்கொண்டால் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் சொன்னதும் இதற்கு நெருக்கம்தான். குறைந்தது முதல் ஆறு மாதம் அம்மாவின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். "பக்கத்துல படுக்காட்டி பால் குடிக்காது" என்றால் அணைத்துப் பால் கொடுங்கள், முடிந்ததும் அதன் இடத்தில் போடுங்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், மெத்து மெத்தென்ற டபுள் கட்டிலில், நாலு தலையணைக்கு மத்தியில் வேண்டாம். புகை பிடிக்கிறவர், குடித்திருப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் பக்கத்தில் படுக்கவே கூடாது. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண் அயர்வது எல்லாவற்றையும்விட ஆபத்து. இதை அப்பாக்களும் காதில் போட்டுக்கொள்ளட்டும்!

கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்த குழந்தைக்கு ஆடுகிற தொட்டில் வேண்டாம். அதன்பிறகு உயரமான கம்பிகள் வைத்த, ஆடாத கட்டில்தான் சரி. இல்லாவிட்டால் நம் பாய்.

தாய்மாமன் சீரை யாரும் தடுக்கவில்லை. பதினோராம் நாள் பூச்சுற்றிய தொட்டிலில் போட்டு, சீனிப் பாகு தொட்டு வைக்காமல், வாய்நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். படுக்கை சமமாக இருக்கிறதா? முகம் கூரையைப் பார்க்கிறதா? பக்கத்தில் துணி, தலையணை எதுவும் இல்லையே? கூடத்துத் தூளியை அவிழ்த்தாயிற்றா?

நாலுக்கும் சரியான பதில் வந்தால், நீங்களும் நிம்மதியாகப் படுங்கள். அடுத்த பாலுக்கு அழுகிற வரைக்கும்தானே உங்கள் தூக்கமும்!