சொந்த மண்ணில் இடமில்லையா?

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கிடையே நிறைவேறிய அந்த மசோதா, தேசிய விளையாட்டு வாரியம், விளையாட்டுத் தீர்ப்பாயம், சம்மேளனத் தேர்தல்கள் ஆகியவற்றுக்குச் சட்ட வடிவம் தந்துள்ளது. நெடுங்காலமாக அரசியல்வாதிகளின் பிடியில் சிக்கியிருந்த சம்மேளனங்களுக்கு ஒரு கடிவாளம் கிடைத்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், பிளஸ் 2 தேர்வு எழுதிவிட்டு, அடுத்து எந்தக் கல்லூரியில் சேர்வது என்று தெரியாமல் நிற்கும் 17 வயது வீரருக்கும் வீராங்கனைக்கும் இந்தச் சட்டத்தில் விடையில்லை.

இந்திய விளையாட்டின் மிகப்பெரிய கசிவு இந்த இடத்தில்தான் நிகழ்கிறது. பள்ளிப் பருவத்தில் மாநில அரசின் விளையாட்டு விடுதியில் உண்டு, மாநில அரசின் பயிற்சியாளரிடம் கற்று, மாநில அணிக்காக ஆடி வளர்ந்த திறமை, கல்லூரி வாசலை எட்டும்போது சொந்த மாநிலத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. அல்லது விளையாட்டையே விட்டுவிடுகிறது. முன்னது மாநிலத்துக்கு இழப்பு என்றால், பின்னது நாட்டுக்கே இழப்பு.

இதற்கு அரசமைப்புச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஏழாவது அட்டவணையின்படி விளையாட்டு என்பது மாநிலப் பட்டியலில் 33-ஆவது இனம். கல்வியோ, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் உள்ளது. மைதானம் மாநிலத்தின் பொறுப்பு, கல்லூரி இருவரின் பொறுப்பு என்று ஆகிவிட்ட நிலையில், மைதானத்தையும் கல்லூரியையும் இணைக்கும் பாலம் யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போய்விட்டது.

கூடைப்பந்தைவிட இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்க முடியாது. கிரிக்கெட்டைப் போலக் கோடிகள் புரளும் ஆட்டமல்ல அது. மல்யுத்தம், குத்துச்சண்டையைப் போல ஒலிம்பிக் பதக்கங்களைக் குவித்த ஆட்டமும் அல்ல. இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் களத்தைக் கண்டது 1980 மாஸ்கோவில் மட்டும்தான். அதுவும் பல நாடுகள் புறக்கணித்த போட்டி. ஆகவே, கூடைப்பந்து வீரர் ஒருவருக்குக் கல்லூரி இடமும், அதன் வழியே கிடைக்கும் பட்டமும் வேலையுமே வாழ்க்கைக்கான ஒரே உத்தரவாதம். அந்த இடத்தை யார் தருகிறார்களோ அவர்கள் பின்னால் அவர் செல்வதில் வியப்பில்லை.

பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் உள்ள பல்லோ கே என்ற கிராமத்தைச் சேர்ந்த விவசாயி மகன் சத்னாம் சிங். லூதியானா கூடைப்பந்து அகாதெமியில் உருவானவர். 2010-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்றார். 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது தேர்வாக அவரை எடுத்தபோது, அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் போட்டிக்குத் தேர்வான, இந்தியாவில் பிறந்த முதல் வீரர் என்று நாடே கொண்டாடியது. அதே அகாதெமியில் பயின்ற குர்தாஸ்பூர் பிரின்ஸ்பால் சிங், ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். திறமையைக் கண்டெடுக்க லூதியானாவால் முடிந்தது. ஆனால், 18 வயதுக்குப் பிறகு அந்தத் திறமையை வளர்த்தெடுக்க இந்தியக் கல்லூரி எதனாலும் முடியவில்லை என்பதும் அந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒளிந்திருந்த உண்மை.

வெளிநாடு செல்வதைக்கூடப் பெருமை என்று சொல்லிக்கொள்ளலாம். உள்நாட்டிலேயே மாநிலம் விட்டு மாநிலம் செல்வதை என்னவென்று சொல்வது? வாரணாசியின் திவ்யா, பிரசாந்தி, ஆகாங்க்ஷா, பிரதிமா என்ற சகோதரிகள் ஒருவர் பின் ஒருவராக இந்திய அணியில் இடம் பிடித்தவர்கள். பிரசாந்தி சிங்குக்கு 2017-இல் அர்ஜுனா விருதும் 2019-இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. ஆனால், உள்நாட்டுப் போட்டிகளில் அவர்களின் ஆட்டம் தில்லி அணிக்குத்தான் பலம் சேர்த்தது. கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத நகரம் வாரணாசி. 1916-இல் நிறுவப்பட்ட பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகமே அங்குதான் இருக்கிறது. நாட்டிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட மாநிலம், ஒரே குடும்பத்தில் பிறந்த இத்தனை வீராங்கனைகளைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்பது தற்செயலாக நிகழ்ந்தது அல்ல.

சத்தீஸ்கரின் கதை இன்னும் சிந்திக்க வைப்பது. 2000-ஆம் ஆண்டில் பிறந்த அந்த மாநிலத்தைப் பெண்கள் கூடைப்பந்தில் நாட்டின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் பிலாய் உருக்காலையில் பணியாற்றிய பயிற்சியாளர் ராஜேஷ் படேல். ஏழைக் குடும்பத்துச் சிறுமிகளைத் தேடிப்பிடித்து, தங்க இடமும் உணவும் தந்து வளர்த்தவர். அவரால் உருவான வீராங்கனைகள் பலர் வளர்ந்து ஆளானதும் ரயில்வே வேலைக்குச் சென்று, ரயில்வே அணிக்காக ஆடினர். அந்தப் பெண்களைக் குறை கூற முடியாது. மாதச் சம்பளம் அவர்களின் குடும்பத்தையே கரையேற்றியது. ஆனால், பயிற்சிக்கூடத்துக்கும் ரயில்வே வேலைக்கும் இடையே மாநிலக் கல்லூரி என்ற ஒரு படி உறுதியாக இருந்ததா என்பதே கேள்வி. 2018-இல் ராஜேஷ் படேல் மறைந்தார். ஒரு மனிதரின் உழைப்பை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாடு, அந்த மனிதருக்குப் பிறகு எத்தனை நாள் தாங்கும்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் விளையாட்டுக் கவுன்சிலின் விடுதிகள் பள்ளிகளோடு நின்றுவிடாமல் கல்லூரிகளிலும் இயங்குகின்றன. அங்கே கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துக்கு நீண்ட மரபு உண்டு. பட்டம் பெற்றபின் மாநில மின்வாரியம் வேலை தந்து அணியையும் நடத்துகிறது. ஒரு காலத்தில் கீது அன்னா ஜோஸ் போன்ற கேரள வீராங்கனைகள் சென்னைக்கு வந்து தெற்கு ரயில்வேக்காக ஆடினர். பின்னர் வந்த பி.எஸ்.ஜீனா மாநில மின்வாரியத்திலேயே பணிபுரிந்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2018 ஜனவரியில் சென்னையில் நடைபெற்ற தேசிய சீனியர் போட்டியின் இறுதி ஆட்டத்தில், அசைக்க முடியாததாகக் கருதப்பட்ட ரயில்வே அணியைக் கேரளப் பெண்கள் வீழ்த்தினார்கள். பள்ளி, கல்லூரி, வேலை என்ற மூன்று படிகளும் ஒரே மண்ணில் அமைந்ததற்குக் கிடைத்த பலன் அது.

இன்று கல்லூரி விளையாட்டின் வரைபடம் மாறிக்கொண்டிருக்கிறது. கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளின் முதல் நான்கு பதிப்புகளை எடுத்துக்கொள்ளலாம். புவனேசுவரத்தில் நடந்த 2020 போட்டியிலும் உத்தரப் பிரதேசத்தில் நடந்த 2023 போட்டியிலும் சண்டீகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. 2022-இல் பெங்களூரு ஜெயின் பல்கலைக்கழகமும், வடகிழக்கு மாநிலங்களில் நடந்த 2024 போட்டியில் சண்டீகர் பல்கலைக்கழகமும் முதலிடம் பெற்றன. இவற்றில் பின்னிரண்டும் தனியார் நிறுவனங்கள். பல்கலைக்கழக விளையாட்டின் உயரிய விருதான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையும் அமிருதசரஸின் குரு நானக் தேவ் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களிடமிருந்து நகர்ந்து, 2024-ஆம் ஆண்டுக்கு சண்டீகர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பழிப்பதில் பொருளில்லை. கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். விடுதியும் உணவும் தருகிறார்கள். போட்டிக்குச் சென்றால் வருகைப்பதிவில் விலக்கு அளிக்கிறார்கள். தங்கள் விளம்பரத்துக்காகவே செய்கிறார்கள் என்றாலும் வீரருக்குக் கிடைப்பது உண்மையான பலன்தான். ஆனால், அவர்கள் தேடுவது ஏற்கெனவே பதக்கம் வென்றவரை. பதக்கம் வெல்லக்கூடிய, இன்னும் வெல்லாத கிராமத்து மாணவியை அவர்கள் தேடிச் செல்வதில்லை. அந்தக் கடமை அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. அங்கேதான் கோளாறு.

அரசுக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு என்பது பெரும்பாலும் சேர்க்கை நாளன்று சான்றிதழ்களை எடைபோடும் சடங்காகவே இருக்கிறது. எந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளியில் யார் ஆடுகிறார் என்று முன்கூட்டியே அறிந்து, வீடு தேடிச் சென்று, பெற்றோரிடம் பேசி, இடத்தை உறுதிசெய்யும் அதிகாரமோ பொறுப்போ உடற்கல்வி இயக்குநருக்குக் கிடையாது. சேர்ந்த பின்னரும், பருவத் தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் எதைத் துறப்பது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தில்லி பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கும் கலைத்திறனுக்கும் சேர்த்து உச்சவரம்பு 5 சதவீதம். சென்னை ஐ.ஐ.டி. 2024-25-இல் ஒவ்வோர் இளநிலைப் பாடப்பிரிவிலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்களை உருவாக்கி, அவற்றில் ஒன்றைப் பெண்களுக்கென ஒதுக்கியது. ஐ.ஐ.டி.க்களில் அதுவே முதல் முயற்சி. நல்ல தொடக்கங்கள்தான். எனினும் கதவைத் திறந்து வைப்பது வேறு, அழைத்து வருவது வேறு.

மத்திய அரசுக்கு இந்தத் தேவை தெரியாமல் இல்லை. 2017 செப்டம்பரில் கேலோ இந்தியா திட்டத்தை மாற்றியமைத்தபோதே, படிப்பும் விளையாட்டும் இணைந்து செல்லும் வகையில் 20 பல்கலைக்கழகங்களை விளையாட்டு மையங்களாக உயர்த்தப்போவதாக அமைச்சரவை அறிவித்தது. 2018-இல் மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2025-26 பட்ஜெட்டில் கேலோ இந்தியாவுக்கு ரூ.1,000 கோடி ஒதுக்கப்பட்டது. அந்த 20 பல்கலைக்கழகங்களும் தத்தம் மாநிலத்திலிருந்து எத்தனை பேரைச் சேர்த்தன, அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்ற கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டிய கடமை விளையாட்டு அமைச்சகத்துக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறும் கடமை உறுப்பினர்களுக்கும் உண்டு.

இதற்குத் தீர்வாக, அரசுச் செலவில் பயிற்சி பெற்றவர்கள் சொந்த மாநிலக் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமே என்ற வாதம் எழக்கூடும். அது ஏற்கத்தக்கதல்ல. 2018-இல் ஹரியாணா அரசு, காமன்வெல்த் போட்டியில் பதக்கம் வென்ற தனது மாநில வீரர்களில் ரயில்வே முதலிய பிற நிறுவனங்களின் சார்பில் ஆடியவர்களுக்குப் பரிசுத் தொகையைக் குறைக்க முற்பட்டது. வீரர்கள் கொதித்தெழ, பாராட்டு விழாவே ரத்தானது. வேலியிட்டு எவரையும் தடுத்துவிட முடியாது என்பதற்கு அதுவே பாடம். பானிபட் அருகே பிறந்த நீரஜ் சோப்ரா சண்டீகர் டி.ஏ.வி. கல்லூரியில் படித்தார், ராணுவத்தில் சேர்ந்தார், டோக்கியோவில் தங்கம் வென்றார். எங்கே வசதி இருந்ததோ அங்கே செல்ல அவருக்கு உரிமை இருந்ததால்தான் நாட்டுக்குத் தங்கம் கிடைத்தது.

கல்லூரி விளையாட்டின் தாயகமான அமெரிக்காவும் இதையே உணர்த்துகிறது. அங்கே மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் பள்ளி மைதானங்களுக்கு நேரில் சென்று, உள்ளூர் மாணவர்களை உதவித்தொகையுடன் அழைத்து வருகிறார்கள். சொந்த ஊர்ப் பிள்ளை ஆடினால் ஊரே அரங்கை நிறைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அதே நேரத்தில், 2021 முதல் மாணவ வீரர்கள் விளம்பர வருவாய் பெற அனுமதிக்கப்பட்டதும், கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுவது எளிதானதும் அங்கே ஏலச் சந்தையையே உருவாக்கிவிட்டன. தேடிச் சென்று அழைக்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். சந்தையை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை சிலவே. மாநிலப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு முழுநேரப் பயிற்சியாளர்களை நியமிக்க வேண்டும். 10-ஆம் வகுப்பிலிருந்தே மாவட்ட வீரர்களின் பட்டியலைப் பராமரித்து, பிளஸ் 2 தேர்வுக்கு முன்பே இடத்தை உறுதிசெய்து கடிதம் தர வேண்டும். காயமடைந்தாலும் படிப்பு முடியும்வரை உதவித்தொகை தொடரும் என்ற உத்தரவாதம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். 2020 தேசிய கல்விக் கொள்கையைத் தொடர்ந்து உருவான மதிப்பெண் வங்கி முறையைப் பயன்படுத்தி, மூன்றாண்டுப் பட்டத்தை நான்கு, ஐந்து ஆண்டுகளில் முடிக்க வீரர்களை அனுமதிக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ, பெருநிதியோ தேவையில்லை. துணைவேந்தர்களும் மாநில அரசுகளும் மனம் வைத்தால் போதும்.

அகமதாபாதில் ஒலிம்பிக் போட்டியை நடத்தும் கனவு குறித்து தில்லியில் பேசப்படுகிறது. அரங்கங்களைப் பணத்தால் எழுப்பிவிடலாம். அவற்றில் ஆடுபவர்களை அப்படி உருவாக்க முடியாது. இன்று ஏதோ ஒரு மாவட்டப் பள்ளியின் மண் தளத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் சிறுமிக்கு, அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் செல்ல வேண்டும். போவதா, இருப்பதா என்பதை அவள் முடிவு செய்துகொள்ளட்டும். கேட்பார் யாருமில்லை என்பதற்காக அவள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால், அந்தப் பழி அவளைச் சேராது!