துருவை எங்கே நிறுத்துவது

பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்த தாத்தா காலத்துத் துப்பாக்கி நம் மேசைக்கு வருகிறது. குழல் முழுக்கத் துரு, பிடிக்கட்டையில் வெடிப்பு. கொண்டுவந்தவர் கேட்பது ஒன்றுதான்: “பழையபடி பளபளன்னு ஆக்கித் தர முடியுமா?” பெரும்பாலும் முடியும். கையில் வித்தை இருப்பதாலேயே நாம் செய்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. அரிக்கும் துருவை நிறுத்துவது நம் கடமை. அடங்கிய துருவைச் சுரண்டி எடுப்பது பெரும்பாலான சமயங்களில் நம் வேலையே அல்ல.

கருவியைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை இரண்டு. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியானால், மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் முட்டும்வரை விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். பின்முனைக்குச் சில விரற்கடை முன்னதாகவே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கும். சூடு காட்டாதீர்கள், தட்டாதீர்கள். வேலையை நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது உரிமம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாது என்ற நிலையில் இருப்பவற்றுக்கே அந்த விலக்கு. பழுது பார்த்தால் சுடும் என்றால், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அது துப்பாக்கிதான். அதைப் பழுது பார்க்கவும் 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். விசையை மீண்டும் இயங்க வைப்பது பாதுகாப்புப் பணி என்று நம்மில் சிலர் கருதுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது ஆயுதப் பழுதுபார்ப்பு. உரிமப் பத்திரத்தைப் பார்க்காமல் பொருளைப் பெற்றுக்கொள்ளவே கூடாது.

இனி துருவுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பட்டறைகள் பல குழல்களுக்குத் தாங்களே துருவேற்றின. அமிலக் கரைசலைப் பூசி, ஈரமான அறையில் வைத்து, மேலே படியும் துருவைக் கம்பித் தூரிகையால் நீவி, இதையே பல நாள் திரும்பத் திரும்பச் செய்தால் ஆழ்ந்த பழுப்பு நிறம் நிலைத்துவிடும். இடையிடையே கொதிநீரில் அவித்தால் செந்துரு கருப்பு மாக்னடைட்டாக மாறும். இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த குழல்களில் அந்த அலையலையான கோலம் கண்ணுக்குத் தெரிவதே இந்தத் துருவேற்றலால்தான். எமரித் தாளை எடுத்துத் தேய்ப்பவர் செய்தவனின் கைவேலையையே அழிக்கிறார். கூடவே பர்மிங்காம், லண்டன் சோதனை முத்திரைகளும், விசைத்தகட்டிலுள்ள கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்க முத்திரையும் மழுங்கிப்போகும். எந்தக் காலத்தில், யாருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லும் சான்றுகள் அவை. போனால் திரும்பா.

ஆகவே உருப்பெருக்கியின் கீழ் பிரித்தறிய வேண்டும். இறுகி, கரும்பழுப்பாக, நகத்தால் கீறினால் வராமல் இருப்பது அடங்கிய துரு, விட்டுவிடலாம். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வதும், ஈரக்காற்றில் மஞ்சள் துளிகளாகக் கசிவதும், ஏடுஏடாக உரிவதும் இன்னும் தின்றுகொண்டிருப்பவை. அவற்றின் கீழே பெரும்பாலும் குளோரைடு இருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களின் உப்புக்காற்று ஒரு காரணம். பழைய வெடிமூடிகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து குழலுக்குள் விட்டுச்சென்ற பொட்டாசியம் குளோரைடு இன்னொன்று. இந்த உப்பு எண்ணெயில் கரையாது; எத்தனை முறை எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் அரிப்பு தொடர்வது இதனால்தான்.

மின்னாற்பகுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 1930இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியக வேதியியல் பாதுகாப்புக்கூடத்தில் எஸ். பரமசிவன் செப்புத்திருமேனிகளை அந்த முறையில் மீட்டது நம் துறையின் பெருமை. அந்தப் பெருமையாலேயே எதற்கெடுத்தாலும் தொட்டியை நாடும் பழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. துப்பாக்கிக் குழலைத் தொட்டியில் இட்டால் கெட்ட துருவோடு பட்டறைத் துருவும் போய்விடும். குழலைக் கட்டையிலிருந்து பிரிக்கவும் வேண்டியிருக்கும். ஊசியாணிகளால் பிணைத்த பழைய துப்பாக்கிகளில் அந்த முயற்சியிலேயே கட்டை பிளந்துபோவதுண்டு. உதிரும் துருவை மட்டும் ஸ்கால்பெலால் அகற்றி, தேவையான இடத்தில் டானிக் அமிலம் தொட்டு, நன்றாக உலர்ந்தபின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு பூசினால் பெரும்பாலும் போதும்.

குடும்பத்தாரிடம் பொறுமையாகப் பேசுங்கள். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர்கள் உரிமை. வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? குழலில் கட்டிய துணியிலோ உறையிலோ பொட்டு வைத்து, மறுநாளே எடுத்துவிடச் சொல்லலாம். தேங்காயெண்ணெய் தடவுவதையும், பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதையும் கட்டாயம் நிறுத்தச் சொல்ல வேண்டும். தாத்தாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பான கட்டையை மறுபடி வார்னிஷ் அடிக்கக் கேட்டால், அந்த வழவழப்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் அங்கேயே மனம் மாறிவிடுகிறார்கள்.

முழுதாகப் புதுப்பித்தே தீர வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்பவர்களிடம் முடியாது என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். ஏற்கெனவே புதுப்பித்துக் கொடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் செய்முறைக் குறிப்புகளையும் இந்த இதழுக்கு அனுப்புங்கள். உரிமையாளர் பெயரின்றி வெளியிடுவோம்.