ஊர் சுற்றுகிறார்களாம்!

தோழா!

"மாதம் ஒரு கூட்டமாம், வருடம் ஒரு பயணமாம்! கேட்டால் மகளிர் குழு என்கிறார்கள். அடுப்பிலே பூனை தூங்குகிறது, இவர்கள் ஊர் சுற்றுகிறார்கள்!"

தேநீர்க் கடையிலே, திண்ணையிலே, திருமணப் பந்தியிலே இந்தப் பேச்சு உன் செவியிலும் விழுந்திருக்கும். பேசுவோர் மாற்றார் மட்டுமெனில் மறுமொழி எளிது. நம் கொடியைத் தோளிலே சுமப்போரிலும் சிலர் பேசுகிறார்களே! அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை இதையே எழுதத் துணிந்தேன்.

யார் இந்தப் பெண்கள்? தூத்துக்குடிக் கடலோரம் சென்று பார். பொழுது புலருமுன் உப்பளம் நோக்கி நடப்போர். கண்ணைக் கூசவைக்கும் வெண்பரப்பிலே, உப்பு நீரிலே கால் ஊற, தலையிலே சுமை ஏற்றி அம்பாரம் குவிப்போர். உடன்குடிப் பக்கம் போனால், பனையேறி இறக்கிய பதனீரைப் புகையிலே நின்று கருப்பட்டியாகக் காய்ச்சுவோர். மீனவர் குடியிருப்பிலே, கூடை சுமந்து தெருத் தெருவாக மீன் விற்போர். ஐப்பசி மழை இறங்கினால் உப்பளம் உறங்கிவிடும். ஆனால் வயிறு உறங்குமா? உறங்காது என்பதை உணர்ந்தே, உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது.

அந்தக் கூலியிலே கிள்ளி எடுத்த காசுதான் குழுவின் மூலதனம். 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன், தருமபுரி மாவட்டத்திலே சுயஉதவிக் குழுக்கள் முளைத்தன. பின்னர் தமிழகமெங்கும் படர்ந்தன. பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை கொண்ட ஒரு குழு. ஒரு தீர்மானப் புத்தகம். சேமித்த பணத்திலிருந்து தமக்குள்ளே கடன். நாணயம் நிலைபெற்றபின் வங்கிக் கடன். கந்துவட்டிக்காரன் வாசலிலே கைகட்டி நின்றவள், வங்கி மேலாளர் எதிரே நாற்காலியிலே அமர்ந்தாள். சிறிய மாற்றமா இது?

"சேமிப்பு சரி, கடனும் சரி. பயணம் எதற்கு?" என்று கேட்பார் ஒரு கணக்கர்.

அந்தக் கணக்கருக்கு ஒரு கணக்கு சொல்வேன். ஒருத்தி தவணை தவறினால், மற்றவர் தலையிலும் பாரம் விழும். அதனாலே அடுத்த வீட்டுக்காரியே காவற்காரி ஆகிவிடும் ஆபத்து உண்டு. பணம் எண்ணும் கூட்டத்திலே "ஏன் கட்டவில்லை?" என்று கேட்பர். "என்ன நேர்ந்தது, அக்கா?" என்று கேட்க நேரம் இராது. பேருந்திலே பக்கத்திலே அமர்ந்து, புளிச்சோற்றைப் பகிர்ந்துண்ணும்போதுதான், கணவனின் குடியும் குழந்தையின் காய்ச்சலும் வாயைத் திறந்து வெளிவரும். அன்று கடன்காரி மறைவாள், உடன்பிறந்தாள் தெரிவாள்.

இந்தக் கடலின் பாடமே அதுதான். தூத்துக்குடியிலே முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. அது நடந்த நாளெல்லாம், மூச்சடக்கி மூழ்கியவனின் உயிர், மேலே தோணியிலே கயிறு பிடித்தவன் கையிலே இருந்தது. ஆழம் எத்தனை பாகம் என்று கயிறு சொல்லும். இழுத்துக் காப்பாற்றக் கயிற்றைப் பிடித்த கை வேண்டும். குழுவின் கணக்கேடு கயிறு என்றால், பயணம் அந்தக் கையை வளர்க்கிறது.

எங்கே போகிறார்கள் என்றும் கேட்கிறாய். தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளேயே எத்தனை இடம்! பாண்டியரின் முத்துத் துறையாய் விளங்கி, கடல் விலகியதால் இன்று உள்நாட்டு ஊராகிவிட்ட கொற்கை. 1876 முதல் ஆய்வாளர் தோண்டிப் பார்த்த முதுமக்கள் தாழிகளின் ஆதிச்சநல்லூர். பாரதி பிறந்த எட்டயபுரம். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம். உலகம் வியக்கும் இவற்றை, இந்த மண்ணிலே உழைத்தும் காணாமலே கண்மூடிய பெண்கள் எத்தனை பேர்! வெளிநாட்டார் வந்து காணும் தாழியை, அதை வனைந்த குலத்தின் பேத்தி காணக்கூடாதா?

வ.உ.சி. என்றதும் நினைவு கொள், 1908-ஐ! தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. அந்த ஞாயிறு ஆணின் நாட்காட்டியிலே சிவப்பாயிற்று. பெண்ணின் அடுப்பங்கரையிலே? அங்கே ஏழு நாளும் கறுப்புத்தான்! ஆண்டுக்கு ஒருநாள் அவள் எடுத்துக்கொள்ளும் பயணம், அவளுக்கு நூறாண்டு தாமதமாக வந்த ஞாயிறு.

1991-இல் புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கம் எழுத்தறிவித்தபோது, பெண்கள் மிதிவண்டியும் கற்றனர். அன்றும் கேலி பேசினர். கேலி தேய்ந்தது, மிதிவண்டி ஓடிற்று! 2021 மே மாதத்திலே நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அரசு பேருந்தின் கதவைத் திறந்துவிட்டது. வீட்டின் கதவு யார் கையிலே இருக்கிறது, தோழா?

ஒன்று கசப்பாகச் சொல்வேன், பொறுத்துக்கொள். கூட்டத்துக்கு ஆள் குறைந்தால் "குழுத் தலைவியைக் கூப்பிடு" என்று ஏவுவோர் நம்மிலும் உளர். பந்தலை நிரப்பும் நாற்காலிகள் அல்லர் அவர்கள்! விரும்பி வந்தால் வரவேற்போம், மேடையிலே இடமும் தருவோம். ஆனால் அவர்கள் தங்களுக்கென்று வைத்த ஒரு நாளை நம் நாளாக்கிக் கொள்ள நமக்கு உரிமையில்லை.

மாநாடு என்றதும் நீ மூன்று நாள் முன்பே மூட்டை கட்டினாய். அவள் சோறு கட்டித் தந்தாள், "எங்கே, ஏன்?" என்று வழி மறிக்கவில்லை. இம்முறை அவள் புறப்படட்டும். உலையை நீ ஏற்று, குழந்தையை நீ குளிப்பாட்டு, குடத்தை நீ எடு. பெண்ணுரிமை பற்றி மேடையிலே நாம் முழங்கும் சொற்களுக்கு உன் சமையற்கட்டு சான்று சொல்லட்டும். அந்தச் சான்று இல்லாத முழக்கத்தை அவள் நம்பமாட்டாள், நம்பவும் வேண்டியதில்லை!