ஆவணி மலையில் பிராயச்சித்தம் செய்தவர் யார்?

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்க்கு மலை என்றவுடன் கண்முன் வருவது பெரும்பாலும் சயனைடு மேடுதான். சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டப்பட்ட கழிவு மண், நூறாண்டுக்கு மேலாகக் குவிந்து, அந்நகரத்தின் அடிவானத்தையே மாற்றிவிட்டது. ஆனால் அதே மாவட்டத்தில், முளபாகல் வட்டத்தில், கதைகளால் குவிந்த ஒரு மலையும் இருக்கிறது. அது ஆவணி மலை. உச்சியில் சீதைக்கும் பார்வதிக்கும் கோயில். அடிவாரத்தில் இராமலிங்கேசுவரர், இலட்சுமணேசுவரர், பரதேசுவரர், சத்துருக்கனேசுவரர் என நான்கு உடன்பிறந்தார் பெயரிலும் சிவாலயங்கள் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. வால்மீகியின் ஆசிரமம் இங்கு இருந்தது, கைவிடப்பட்ட சீதை இம்மலையில்தான் இலவனையும் குசனையும் ஈன்றாள், வேள்விக் குதிரையைக் கட்டிப்போட்ட அச்சிறுவர்கள் தந்தையோடு போரிட்டதும் இங்கேதான் என்பது தல வழக்கு.

இக்கதையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. பாறைகளைக் காட்டி, இது சீதை வாழ்ந்த இடம், இது குதிரையைக் கட்டிய இடம் என்று சான்று அடுக்குவது ஒரு குரல். கங்கைக் கரையில் கான்பூருக்கு அருகிலுள்ள பிடூரும் வால்மீகியின் ஆசிரமம் என்கிறது, வயநாட்டின் புல்பள்ளியும் அதையே சொல்கிறது, சென்னையில் கோயம்பேடும் சொல்கிறது, ஆகவே எல்லாமே கட்டுக்கதை என்று முடித்துவிடுவது மற்றொரு குரல். முதலாவதைப் பக்தி என்றும் இரண்டாவதைப் பகுத்தறிவு என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். உண்மையில் இரண்டும் கேட்பது ஒரே கேள்வியை: ‘இது நடந்ததா?’ தலபுராணத்திடம் கேட்கத் தகுந்த கேள்விகளில் இதுவே மிகக் குறைந்த பயனுடையது. பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இந்தக் கேள்வியைத் தாண்டுவதில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. ‘தலவரலாறு’ என்று ஓர் இயல், அதில் அர்ச்சகர் சொன்ன கதையின் சுருக்கம் இரண்டு பக்கம், அடுத்த இயலில் கட்டடக் கலை. கதைக்கும் கல்லுக்கும் இடையே உள்ள உறவு எந்த இயலிலும் இடம்பெறுவதில்லை.

ஆவணியின் கதையை அதன் நூல்மரபோடு ஒப்பிட்டால் முதலில் தெரிவது ஒரு விலகல். வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் தந்தைக்கும் மக்களுக்கும் போரே இல்லை. சிறுவர் இருவரும் இராமனின் அசுவமேத வேள்விக் களத்துக்கு வந்து அவன் கதையையே பாடுகின்றனர். பாட்டைக் கேட்டே அவன் அவர்களை அறிகிறான். குதிரையைக் கட்டுதலும் போரும் வேறு மரபுகளில் வளர்ந்தவை. பவபூதியின் உத்தரராமசரிதத்தில் இலவன் போரிடுகிறான், ஆனால் இராமனோடு அன்று. விமலசூரியின் சமண இராமகதையில் மக்கள் தந்தையோடே மோதுகின்றனர். ஜைமினியின் பெயரால் வழங்கும் அசுவமேதக் கதையில்தான் சத்துருக்கனன், இலட்சுமணன், பரதன், இறுதியில் இராமன் என நால்வரும் அடுத்தடுத்துக் களத்துக்கு வந்து சிறுவர்களிடம் வீழ்கின்றனர். அந்நூலைக் கன்னடத்தில் பாடிய இலட்சுமீசனின் ஜைமினி பாரதம், கருநாடக ஊர்ப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகப் படித்துக் கேட்கப்பட்ட நூல். சீதையைத் துறக்கும் பகுதி அதில் மிகவும் பெயர்பெற்றது.

இந்த ஒப்பீடு அடிவாரத்து இலிங்கங்களைப் பற்றிய ஒரு புதிரை விடுவிக்க உதவுகிறது. அந்த இலிங்கங்கள் ஏன் வைக்கப்பட்டன என்பதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. இலங்கையிலிருந்து மீண்ட இராமன் வழியில் இங்குத் தங்கினான் என்பது ஒன்று. இராமேசுவரக் கதையின் நிழல் அதில் தெரிகிறது. தம் மக்களோடு போரிட்ட பாவம் நீங்க நால்வரும் சிவனை நிறுவி வணங்கினர் என்பது மற்றொன்று. முதல் விளக்கம் இராமலிங்கத்துக்குப் பொருந்தும், இலட்சுமண லிங்கத்துக்கும் பொருந்தும். பரதனுக்கும் சத்துருக்கனனுக்கும் இலங்கைப் போரில் என்ன வேலை? அவர்கள் அங்குப் போகவே இல்லையே. நான்கு பெயர்களுக்கும் ஒருசேர இடம் தருவது நால்வரும் தோற்ற அந்தப் போர் மட்டுமே. ஆவணியின் அடிவாரம் உத்தர காண்டத்தைப் பேசவில்லை, ஜைமினி மரபைப் பேசுகிறது என்று கொள்ள இதுவே போதும்.

கல்வெட்டு பேசுவது முற்றிலும் வேறு. இவ்வளாகம் நுளம்ப அரசர் காலத்தது, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திரிபுவனகர்த்தர் என்னும் சைவத் துறவி நாற்பதாண்டுகள் இத்தானத்தை ஆண்டு, ஐம்பது கோயில்களும் இரண்டு பெரிய ஏரிகளும் அமைத்தார் என்று இங்குள்ள கல்வெட்டு குறிக்கிறது. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்னாடிகாவின் பத்தாம் தொகுதி கோலார் மாவட்டத்துக்கு உரியது. கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் அதில் ஏராளம். சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிசோழ மண்டலம். கோலாருக்கு அன்றைய பெயர் குவளாலம். நன்னூல் செய்வித்த சீயகங்கன் தன்னைக் குவளாலபுரத்துக்கு இறைவன் என்று கல்வெட்டுகளில் கூறிக்கொண்டான். எழுத்ததிகாரத்தை மனப்பாடம் செய்யும் மாணவர் எத்தனை பேர்க்கு அந்த ஊர் இந்தக் கோலார்தான் என்பது தெரியுமோ! சுரங்கம் தோண்ட வந்த தொழிலாளரோடுதான் தமிழ் இம்மண்ணில் இறங்கியது என்று பலர் எண்ணுவதற்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

துறவி ஏரியும் கோயிலும் எடுத்தார் என்கிறது கல்வெட்டு. இராமன் பாவம் தீர்க்க இலிங்கம் வைத்தான் என்கிறது ஊர். இவற்றுள் ஒன்று உண்மை, மற்றது பொய் என்று தீர்ப்பளிப்பதில் பயனில்லை. கட்டியவர் யார் என்பதற்குக் கல்வெட்டு விடை தருகிறது. யாருடைய குற்றம் இங்கே நினைவில் வைக்கப்படுகிறது என்பதற்குக் கதை விடை தருகிறது. கேள்விகள் வெவ்வேறு.

இவ்வேறுபாட்டின் ஆழம் புரிய வேண்டுமானால் ஆவணியைக் கோயம்பேட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். பேருந்து நிலையத்தாலும் காய்கறிச் சந்தையாலும் அறியப்படும் அவ்வூரில் குறுங்காலீசுவரர் கோயில் உள்ளது. குசலவபுரீசுவரர் என்பதும் அவ்விறைவன் பெயர். அங்கும் அதே குதிரை, அதே போர். ஆனால் முடிவு தலைகீழ். தந்தை என்று அறியாது இராமனோடு போரிட்ட பாவம் தீர இலவகுசரே சிவனை வழிபட்டனர் என்பது கோயம்பேட்டின் கதை. தந்தைவழித் தோசம் நீங்க அக்கோயிலுக்கு மக்கள் வருவதும் அக்கதையையொட்டியே. அங்குக் குற்றவாளிகள் பிள்ளைகள். ஆவணியில் குற்றவாளி தந்தை. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஊர்கள் இரண்டு தீர்ப்புகள் எழுதியிருக்கின்றன. ‘நடந்ததா’ என்ற கேள்வி இந்த இரண்டையும் ஒரே குப்பைக் கூடையில் போட்டுவிடும். குடும்பத்தில் தவறு நேரும்போது யார் தலைகுனிய வேண்டும் என்பதில் இரண்டு சமூகங்கள் எடுத்த இரண்டு நிலைகள் அதனோடு மறைந்துபோகும். புல்பள்ளி வட்டாரக் கதையோ வேறொரு கணத்தைப் பிடித்துக்கொள்கிறது: சீதை மண்ணுக்குள் மறையும்போது இராமன் எட்டிப் பிடிக்க, அவன் கையில் எஞ்சியது அவள் கூந்தல் மட்டும். அங்குப் பிராயச்சித்தத்துக்கே இடமில்லை.

ஊர்ப்பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் தலபுராண ஆய்வு மிகவும் வழுக்கி விழும் இடம் அது. கோயம்பேடு என்பதைக் கோ, அயம், பேடு எனப் பிரித்து, அரசனின் குதிரையைக் கட்டி அடைத்த இடம் என்பர். சிறுவாபுரி முருகன் கோயில் உள்ள சின்னம்பேட்டிலும் இதே இலவகுசர் கதை வழங்குகிறது. அங்கு அதே ஈறு சிறுவர் ‘அம்பு எடு’த்த இடமாகிவிடுகிறது. ஒரே ‘பேடு’ ஓரிடத்தில் கொட்டில், ஓரிடத்தில் அம்பு. மப்பேடும் தொழுப்பேடும் குதிரையின்றி அம்பின்றி அதே ஈற்றோடு நிற்கின்றன. சொல்லிலிருந்து கதை பிறக்கவில்லை, கதைதான் சொல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. ஆவணியிலும் இந்த ஆசை எழும். பூமிக்கு அவனி என்று பெயர், சீதை பூமியின் மகள், ஆகவே ஆவணி! அவந்திகா க்ஷேத்திரம் என்ற விளக்கம் ஏற்கெனவே வழக்கில் இருக்க, இது இன்னும் இனிமையாகத் தோன்றும். ஆயின் முதலெழுத்து இங்கே நெடில், அங்கே குறில். இங்கே டண்ணகரம், அங்கே றன்னகரம். கன்னடத்திலும் இவ்வேறுபாடு தெளிவாகவே எழுதப்படுகிறது. ஒலியொற்றுமை கேட்போர் செவிக்கு இன்பம் தரலாம், சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

மலையின் மேல் நடக்கும் வழிபாடே இவ்வளவுக்கும் மையம். சிவராத்திரியை ஒட்டி ஆவணியில் பெருந்திருவிழாவும் மாட்டுச் சந்தையும் கூடுகின்றன. கூட்டமும் வணிகமும் அடிவாரத்துக்கு உரியவை. குழந்தை வேண்டும் பெண்கள் தீர்த்தத்தில் நீராடி, மேலே ஏறிச் சீதையிடம் வேண்டிக்கொள்கின்றனர். கவனிக்கத்தக்கது அவர்கள் யாரிடம் வேண்டுகின்றனர் என்பது. இராமனின் இடப்பக்கம் நிற்கும் பட்டத்தரசியிடம் அன்று. கருவுற்ற நிலையில் கணவனால் காட்டுக்கு அனுப்பப்பட்டு, புகுந்த வீட்டார் எவரும் அருகில் இல்லாமல் பிள்ளை பெற்றவளிடம். குழந்தை இல்லை என்பதால் புகுந்த வீட்டில் சொல்கேட்கும் பெண், அவ்வீட்டின் நீதி பொய்த்த கதை நிகழ்ந்த மலையில் வந்து நிற்கிறாள். அந்த வேண்டுதலில் பக்தி எவ்வளவு, வழக்காடல் எவ்வளவு என்பதை வெளியிலிருந்து அளக்க இயலாது. ஆனால் மலையின் அமைப்பு தன் சாய்வை ஒளிக்கவில்லை. மேலே தாய், கீழே, அவள் பிள்ளைகளோடு போரிட்ட தந்தையும் சிற்றப்பன்மாரும் நிறுவிய இலிங்கங்கள்.

தமிழ் ஆய்வுலகம் இதைக் காணத் தவறியதற்குக் கம்பனும் ஒருவகையில் காரணம். அவன் காப்பியம் முடிசூட்டலோடு நிறைவுறுகிறது. உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்கும் நூலில் தேட வேண்டும், அதைப் படிப்போரோ மிகச் சிலர். இலவகுசர் கதையைத் தமிழர் பெரும்பாலும் கூத்திலும் நாடகத்திலும் கேட்டனர். 1963இல் வெளியான லவகுசா திரைப்படம் அதை வீடுதோறும் சேர்த்தது. ஆகவே இது ‘இலக்கியம்’ அன்று, ‘நாட்டார்’ பண்டம் என்று தள்ளிவைப்பது எளிதாகிவிட்டது.

தங்கவயலின் நிலை இதனினும் சிக்கலானது. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து நிலத்துக்கடியில் உழைத்த மக்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். புராணக் கதைகளை அப்படியே ஏற்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்தபின், 1926 முதல் அப்பாதுரையார் தமிழன் இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பண்டிகைகளையும் தலங்களையும் பௌத்த நோக்கில் திருப்பிப் படித்த அம்மரபு, இக்கதை யாருடையது என்ற கேள்வியை நூறாண்டுக்கு முன்பே எழுப்பிய மரபு. அதன் வழிவந்தவர்கள் ஆவணித் திருவிழாவை எப்படிப் பார்த்தனர், போனவர்கள் என்ன கதையோடு திரும்பினர் என்பதை அறியாமல் இம்மலையின் வரலாற்றை எழுதிவிட முடியாது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் தலைமுறை வந்துவிட்டது. பாட்டிமார் சொன்ன வடிவங்கள் அவர்களிடம் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. அறிவிப்புப் பலகைகளும் சுற்றுலாக் கையேடுகளும் ஒரே கதையை மட்டும் மீண்டும் மீண்டும் அச்சிட, அதுவே ‘தலவரலாறு’ என்று நிலைபெற்று வருகிறது.

எனவே களப்பணிக்குப் போகும் மாணவர் அர்ச்சகரிடம் தொடங்கி அர்ச்சகரிடமே முடிக்கலாகாது. முளபாகல் பக்கத்துத் தெலுங்குப் பேச்சிலும், ஊராரின் கன்னடத்திலும், தங்கவயல் தொழிலாளர் குடியிருப்புகளின் தமிழிலும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இராமன் எந்தக் குற்றத்துக்காக அங்கே சிவனை வைத்தான்? இராவணனைக் கொன்றதற்கா, பிள்ளைகளோடு போரிட்டதற்கா, அல்லது சீதையைக் காட்டுக்கு அனுப்பியதற்கா? மூன்றாவது விடை அச்சேறிய கதைகளில் காணப்படுவதில்லை. மலையேறி வேண்டிக்கொண்டு இறங்கிவரும் பெண்களிடம் அதை முதலில் கேட்கலாம்.